பார் நாலு

அதுவரை என்னைப் பெண் பார்த்தவர்கள் எல்லோரும் கோயிலில் வைத்துத்தான் பார்த்தார்கள். லண்டனில் எங்கள் ஆட்களுக்கு அதுதான் வசதி. விம்பிள்டன் கோயிலில் பூசை முடிந்து காகிதத் தட்டில் பொங்கல் வாங்க வரிசையில் நிற்கும்போது இரண்டு குடும்பங்கள் தற்செயலாகச் சந்தித்துக்கொள்ளும். "அட, நீங்களும் வந்திருக்கிறியளோ!" என்று இரண்டு தாய்மாரும் ஆச்சரியப்படுவார்கள். அந்த ஆச்சரியத்தை முதல் நாளே டெலிபோனில் பேசி வைத்திருப்பார்கள். மாப்பிள்ளை தன் சப்பாத்தைத் தேடுகிற சாக்கில் என்னை ஒரு தரம் ஏற இறங்கப் பார்ப்பார். பிறகு ரயில் எங்கள் பிளேஸ்டோவுக்கு வந்து சேரும்வரை அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

மூன்று தரம் இப்படி நடந்தது. மூன்று தரமும் நான் மாட்டேன் என்றுவிட்டேன். ஒருவருக்கு நான் வேலையை விட வேண்டுமாம். இன்னொருவர் நான் கேட்டதற்கெல்லாம் என் அம்மாவைப் பார்த்தே பதில் சொன்னார். மூன்றாமவரிடம் ஒரு குறையும் இல்லை, எனக்குத்தான் ஆட்கள் பார்க்கப் பார்க்க நின்று அலுத்துப்போயிருந்தது. நான் கவுன்சிலில், நகரசபையின் வாடகை வீடுகளைக் கவனிக்கும் பிரிவில், டெலிபோனில் நாள் முழுக்க முறைப்பாடு கேட்கிறவள். ஞாயிற்றுக்கிழமையும் ஒருவர் என்னில் குறை தேடுவதைப் பொறுத்துக்கொள்ள எனக்குப் பொறுமை இல்லை.

அம்மா என்னைத் திட்ட மாட்டார். என் அண்ணையைக் காட்டித்தான் கதைப்பார். "அவன்ரை தலையைப் பார். காதோரம் எல்லாம் நரைச்சுப்போச்சு. வீட்டிலை ஒரு குமரை வைச்சுக்கொண்டு அவன் எப்பிடிக் கட்டுறது?"

எங்கள் வீட்டின் முடிச்சு அதுதான். நான் கட்டினால்தான் அண்ணை கட்டலாம். அண்ணைக்கு நாற்பது நெருங்கிக்கொண்டிருந்தது. அப்பா போன பிறகு எங்களை இங்கே கூப்பிட்டு எடுத்ததும் அவர்தான், வீடு பார்த்ததும் அவர்தான். என் கலியாணத்தைப் பற்றி ஒரு நாளும் ஒரு சொல் சொன்னதில்லை. அவர் வாய் திறவாததுதான் எனக்கு அம்மாவின் புலம்பலை விடப் பாரமாக இருந்தது. கணக்காளராக வேலை செய்த இடத்தில் வெள்ளைக்காரரோடு பழகி அவருக்குக் கோல்ஃப் பிடித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போவார், பின்னேரம் முகம் சிவந்து திரும்பி வருவார். மனிசனுக்குக் காற்றாவது படுகிறதே என்று நானும் அம்மாவும் சந்தோசப்பட்டோம்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், குளிர் விட்டும் விடாமலும் இருந்த ஒரு சித்திரை மாதத்துச் சனிக்கிழமை, அண்ணை என்னிடம் வந்து, "நாளைக்கு நீயும் வா பிள்ளை" என்றார்.

"கோல்ஃபுக்கோ? நானோ?"

"ஓம். எசெக்ஸ் கடற்கரைப் பக்கம் ஒரு இடம் இருக்கு. பொது இடம். மெம்பர் அது இதெண்டு ஒண்டும் இல்லை, ஆரும் போய் விளையாடலாம். என்ரை கூட்டாளி ஒருத்தரும் வாறார்."

கூட்டாளி என்றதும் அடுப்படியில் அகப்பைச் சத்தம் நின்றது. அம்மா எட்டிப் பார்த்து, "பெடியன் என்ன செய்யிறான்?" என்றார். "இஞ்சினியர் அம்மா" என்றார் அண்ணை. அதற்குமேல் அம்மா ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் கண்பட்டுவிடும் என்று நினைத்தாரோ என்னவோ. ஒரு மணி நேரத்தில் என் நீலச் சேலை இஸ்திரி போட்டுக் கதவில் தொங்கியது.

"கோல்ஃபுக்கு ஆரம்மா சேலை உடுக்கிறது?"

"காற்சட்டையோடை போய் நிக்கப்போறியோ?"

எனக்கு விளங்கிவிட்டது. கோயிலில் யார் யாரைப் பார்த்தார்கள் என்பது அடுத்த வெள்ளிக்குள் லண்டனின் மறு மூலை, எட்மண்டன் வரை போய்விடும். நான் மூன்று தரம் மாட்டேன் என்றதும் போயிருக்கும். அதனால்தான் அண்ணை தமிழ் ஆட்களின் வாடையே இல்லாத ஓர் இடத்தைக் கண்டுபிடித்திருக்கிறார். அண்ணையும் இந்தக் கூத்தில் சேர்ந்துவிட்டாரே என்று எனக்கு வந்த ஆத்திரத்தில், மறுநாள் இருக்கிறதிலேயே பழைய சுவெற்றரை எடுத்துப் போட்டேன். முழங்கையில் ஓட்டை. அம்மா தலையில் அடித்துக்கொண்டார். அண்ணை என்னைப் பார்த்துவிட்டு, "அங்கை குளிரும், தொப்பி எடு" என்றார். அவ்வளவுதான். என் முதல் குழப்பம் அங்கேயே தொடங்கியது. தங்கையைக் காட்டக் கூட்டிக்கொண்டு போகிற ஒருவர் ஓட்டைச் சுவெற்றரைக் கண்டும் காணாமல் விடுவாரா?

கடற்கரை என்று போனால் கடலைக் காணவில்லை. தண்ணீர் வற்றிப் போய், கண்ணுக்கெட்டிய தூரம் சேறு. சேற்றுக்கு இந்தப் பக்கம் நீளமாக ஒரு கடல் மதில், மதிலை ஒட்டிப் புல்வெளி, அதில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சின்னக் கொடிகள். ஒரு மரக்கொட்டிலில் மட்டைகள் வாடகைக்குக் கொடுத்தார்கள். அண்ணையின் கூட்டாளி கொட்டில் வாசலில் நின்றார். பக்கத்தில் முப்பத்தைந்து மதிக்கத்தக்க ஒரு பெண். "என்ரை அக்கா" என்று கூட்டாளி அறிமுகப்படுத்தினார். அந்த அக்கா காற்சட்டைதான் போட்டிருந்தார். ஆனால் இஸ்திரி மடிப்புக் கலையாத காற்சட்டை. மெல்லிய சங்கிலி, சின்னப் பொட்டு, காற்றில் கலையாமல் இறுக்கிப் பின்னிய தலை. கையில் ஒரு பிளாஸ்கும் ஒரு பெரிய பிளாஸ்டிக் பெட்டியும். மாப்பிள்ளைக்குத் தாய் இல்லைப்போல, அதுதான் தமக்கை பார்க்க வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அவர் என் முழங்கை ஓட்டையைப் பார்க்க வேண்டும் என்று கையை மடித்து நின்றேன்.

முதல் குழிக்கு அடிக்கத் தொடங்குகிற இடத்தில் ஒரு பலகை இருந்தது. கூட்டாளி அதைப் பார்த்து, "பார் நாலு" என்றார்.

நான் திரும்பிப் பார்த்தேன். நாலு என்று எதுவும் தெரியவில்லை. நாலு பேர் நின்றோம், அவ்வளவுதான்.

"எதைப் பார்க்கிறது?" என்றேன்.

அண்ணை சிரித்தார். "பார் எண்டால் பார்க்கிறதில்லை. நல்லா விளையாடுற ஆள் இந்தக் குழிக்கு நாலு அடியிலை பந்தைப் போடோணும். அதுதான் கணக்கு."

அந்த விளையாட்டில் எதுவுமே எனக்குச் சரியான பக்கத்தில் இருக்கவில்லை. கூடுதலான தரம் அடித்தவர் தோற்றவராம். குழிக்குக் கிட்டப் போனவர் நிற்க, தூரத்தில் கிடக்கிறவர்தான் முதலில் அடிக்க வேண்டுமாம். நான் ஓங்கி அடித்தேன். பந்து இருந்த இடத்திலேயே இருந்தது, புல் மட்டும் ஒரு துண்டு பறந்தது. படாத அடியும் ஓர் அடிதானாம். அடுத்தது பட்டது. பந்து மதிலில் மோதி நாங்கள் வந்த வழியே திரும்பி ஓடியது.

ஆனால் விளையாட்டை விட ஆட்கள்தான் என்னைக் கூடுதலாகக் குழப்பினார்கள். மாப்பிள்ளை என்று நான் நினைத்தவர் என்னைப் பார்க்கவே இல்லை. பார்க்காமல் பார்க்கிற பார்வை எனக்கு நன்றாகத் தெரியும், இது அதுவும் இல்லை. அவருக்குக் கண் முழுக்கப் பந்தில்தான். என்னோடு கதைத்ததெல்லாம் அந்தத் தமக்கை. அதுவும் எப்படி? "நீங்கள் எங்கை வேலை செய்யிறியள்? உங்களுக்குக் குளிரேல்லையோ? நீங்கள் என்ரை கையுறையைப் போடுங்கோவன்." என்னைவிட எத்தனையோ வயது மூத்தவர் என்னை "நீங்கள்" என்கிறார். எங்கள் ஆட்களில் மூத்த பெண்கள் இளையவளை "நீர்" என்பார்கள், இல்லாவிட்டால் "நீ" என்பார்கள். மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டாருக்கு இவ்வளவு மரியாதை கொடுத்து நான் கண்டதில்லை. ஏதோ பெரிய குறையை மறைக்கத்தான் இந்த நடிப்பு என்று முடிவுசெய்தேன். மாப்பிள்ளைக்குக் காது கேட்காதோ?

அண்ணையோ ஆளே மாறியிருந்தார். அந்த அக்காவின் மட்டைப் பையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு நடந்தார். அக்கா அடித்த பந்து பற்றைக்குள் போனதும், நல்ல அடி என்று கை தட்டினார். வீட்டில் தொலைக்காட்சிக்குக்கூடச் சிரிக்காத மனிசன். சம்பந்தம் சரிவர வேண்டும் என்று என் அண்ணை இப்படிப் பல்லைக் காட்டவேண்டியிருக்கிறதே என்று எனக்கு வெட்கமும் கோபமும் ஒன்றாக வந்தன.

இரண்டாவது குழி முடிந்ததும் ஒரு மர வாங்கில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தார்கள். மட்டன் ரோல்ஸ். வீட்டில் செய்தது, இன்னும் இளஞ்சூடு. அக்கா பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றி முதல் கோப்பையை எனக்குத்தான் நீட்டினார். அதற்குமுன் கோப்பை விளிம்பை இரண்டு தரம் துடைத்தார். சுத்தம் பார்க்கிறவர் என்று நினைத்தேன்.

"உறைப்புச் சரியோ?" என்று கேட்டார்.

"காணாது" என்றேன்.

ருசி என்னவோ நன்றாகத்தான் இருந்தது. உறைப்புக் குறைவு என்பதும் உண்மைதான். ஆனால் அவர் முகம் விழுந்த விதம் ஒரு ரோல்ஸுக்குக் கூடுதலாக இருந்தது. அண்ணை அவசரமாக இரண்டாவது ரோல்ஸை எடுத்து, "எனக்கு இது அந்தமாதிரி ருசி" என்றார்.

மூன்றாவது குழியில்தான் அது நடந்தது. அதுவும் பார் நாலுதான். கூட்டாளி மூன்று அடியில் குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்லுக்கு வந்துவிட்டார். குழிக்கு இன்னும் நல்ல தூரம். காற்றும் சுழன்று அடித்தது. அவர் குந்தி இருந்து பார்த்தார், எழும்பிப் பார்த்தார், பிறகு மெல்லத் தட்டினார். பந்து வளைந்து வளைந்து ஓடிப் போய்க் குழிக்குள் விழுந்தது. மனிசன் மட்டையை எறிந்துவிட்டு இரண்டு கையையும் தூக்கி, நான் நின்ற பக்கமாக ஓடி வந்தார்.

"பார்! பார்! பார்!"

காலையில் தந்த விளக்கமெல்லாம் எந்த மூலைக்குப் போயிற்றோ. என் காதில் விழுந்தது ஒன்றுதான். என்னைப் பார், நான் எப்படிப்பட்ட ஆள் என்று பார். இத்தனை வருடம் என்னைப் பார்த்துவிட்டுப் போன எல்லோருக்கும் சேர்த்து வாய் திறந்துகொண்டது.

"பார்த்தது காணும்! எனக்குப் பிடிக்கேல்லை. இனி ஆரும் என்னட்டை ஒண்டும் கேக்கவேண்டாம். இதுதான் என்ரை முடிவு!"

கூட்டாளி தூக்கின கையை இறக்க மறந்து நின்றார். எனக்குப் பக்கத்தில் பிளாஸ்கோடு நின்ற அக்கா அதன் மூடியைத் திருகி மூடினார். சரியாக மூடியிருக்கிறதா என்று இன்னொரு தரம் பார்த்தார். பிறகு கடல் மதிலை நோக்கி நடந்தார்.

"நான் நாலு அடியிலை போட்டனான்..." என்றார் கூட்டாளி. "பார் எண்டு..."

எனக்கு முகம் சூடாகியது. ஆனாலும் விடவில்லை. "சரி, ஆனால் நான் சொன்னது சொன்னதுதான். எனக்கு உங்களைக் கட்ட விருப்பமில்லை."

"என்னையோ?" அவர் உண்மையாகவே பயந்துபோனார். "தங்கச்சி, எனக்கு ரெண்டு பிள்ளையள். மனிசி இண்டைக்கு ஷிப்ட், இல்லாட்டி அவவும் வந்திருப்பா."

பின்னால் அடுத்த ஆட்டத்துக்காக இரண்டு வெள்ளைக்காரக் கிழவர்கள் மட்டையை ஊன்றிக்கொண்டு மரியாதையாகக் காத்துநின்றார்கள். கூட்டாளி விட்டால் போதும் என்று அவர்களுக்கு வழிவிட ஓடினார். அண்ணை என் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார்.

"என்ன பிள்ளை செய்துபோட்டாய்?"

"ஆர் அண்ணை மாப்பிளை? ஒருத்தரும் இல்லாட்டி என்னை ஏன் காட்டக் கொண்டுவந்தனீங்கள்?"

"உன்னைக் காட்டக் கொண்டுவரேல்லை" என்றார் அண்ணை. "உனக்குக் காட்டக் கொண்டுவந்தனான்."

எனக்கு இன்னும் விளங்கவில்லை. அண்ணை மதில் பக்கம் பார்த்தார். பார்த்த விதத்தில் விளங்கியது.

கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். கூட்டாளியின் வீட்டில்தான் பழக்கம். அக்கா முன்பு ஒரு தரம் கட்டியவர். சரிவரவில்லை, டிவோர்ஸ் எடுத்துச் சில வருடம். அந்தக் காலத்தில் எங்கள் ஆட்கள் அந்தச் சொல்லைக் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள். அண்ணையும் அந்தத் திறந்த வெளியில் குரலைத் தாழ்த்தினார். "அம்மா ஏலாது எண்டுவா. நீ பார்த்து, உனக்குப் பிடிச்சுதெண்டால், நீ சொன்னால் கேப்பா. உனக்குப் பிடிக்காட்டி விடுவம் எண்டு அங்கை இருக்கிறவவும் நானும் கதைச்சு வைச்சனாங்கள்."

"எனக்கு முதலே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னால் நீ முகத்தை ஒரு மாதிரி வைச்சுக்கொண்டு வருவாய். சும்மா பழகிப் பார்க்கட்டும் எண்டு நினைச்சன்."

இதுதான் என் அண்ணையின் கெட்டித்தனம். எல்லோருக்கும் பாதிப் பாதி சொல்லி, முழுதாக ஒருவருக்கும் சொல்லாமல் விட்டிருக்கிறார்.

"அப்ப நான்? நான் கட்டாமல் நீங்கள் எப்பிடி?"

"உன்னைக் கட்டு எண்டு நான் எப்பவாவது சொன்னனானோ?" என்றார். "நீ கட்டினால் கட்டு, விட்டால் விடு. உனக்காக நான் காத்திருக்கேல்லை பிள்ளை. மனதுக்குப் பிடிச்ச ஆள் வரேல்லை, அவ்வளவுதான்."

அது உண்மையா, எனக்காகச் சொன்ன பொய்யா என்று அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியாது. ஆனால் நெஞ்சில் வருடக்கணக்காக இருந்த கல் ஒன்று அந்தப் புல்வெளியில் இறங்கியது மட்டும் உண்மை. இறங்கின கையோடு அடுத்த பயம் பிடித்தது. காலையிலிருந்து நடந்ததெல்லாம் தலைகீழாகத் தெரிந்தது. நீங்கள், நீங்கள் என்றது. துடைத்துத் துடைத்து நீட்டின தேத்தண்ணி. உறைப்புச் சரியோ? நான்தான் மாப்பிள்ளை வீட்டார். முழங்கை ஓட்டையோடு வந்து, தேத்தண்ணியை வாங்கிக் குடித்துவிட்டு, ரோல்ஸில் குறை சொல்லி, ஊர் கேட்கப் பிடிக்கேல்லை என்று கத்தின மாப்பிள்ளை வீட்டார்.

மதிலுக்கு ஓடினேன். அக்கா சேற்றைப் பார்த்துக்கொண்டு இருந்தார். அழவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"அக்கா, நான் உங்களைச் சொல்லேல்லை."

"பரவாயில்லை. பார்க்க வந்தவை திரும்பிப் போறது எனக்குப் புதிசில்லை. நீங்கள் முகத்துக்கு நேரை சொன்னனீங்கள், அது நல்லது."

"ஐயோ, இல்லை அக்கா. நான்தான் கலியாணப் பொம்பிளை எண்டு நினைச்சனான்."

"என்ன?"

"உங்கடை தம்பிக்கு என்னைப் பார்க்க வந்திருக்கிறியள் எண்டு நினைச்சுக்கொண்டு வந்தனான். அவர் 'பார், பார்' எண்டு கத்த, என்னைத்தான் தன்னைப் பார்க்கச் சொல்லுறார் எண்டு..."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். பிறகு வாயைப் பொத்தினார். பொத்தின கைக்குள்ளிருந்து சிரிப்பு பீறிட்டு வந்தது. தோள் குலுங்கிக் குலுங்கி, சிரிப்பு எங்கே முடிந்து அழுகை எங்கே தொடங்கியது என்று தெரியாமல் போயிற்று.

"அப்ப உந்தச் சுவெற்றர்?"

"வேணுமெண்டுதான் போட்டனான்."

"நான் விடிய எழும்பி எத்தினை உடுப்பு மாத்தினனான் தெரியுமே? கோல்ஃபுக்கு என்ன உடுத்தால் ஒரு பொம்பிளையைப் பிடிக்கும் எண்டு ஆரைக் கேக்கிறது?" கண்ணைத் துடைத்தார். "அப்ப நீங்கள்..."

"என்னை நீங்கள் எண்டு சொல்லாதேங்கோ" என்றேன். "நீர் எண்டு சொல்லுங்கோ, மச்சாள்."

அண்ணனின் மனைவியைத்தான் நாங்கள் மச்சாள் என்போம். அவர் என் முழங்கை ஓட்டைக்குள் விரலை விட்டு, கையைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். மிச்சக் குழிகளையும் விளையாடினோம். நான் அடித்த அடிகளை யாரும் எண்ணவில்லை. நாங்கள் முடிக்கும்போது கடல் திரும்பி வந்து மதிலைத் தொட்டுக்கொண்டிருந்தது. மிச்ச ரோல்ஸைப் பெட்டியோடு என்னிடம் தந்துவிட்டார்கள்.

வீட்டுக் கதவைத் திறந்த அம்மா சப்பாத்தைக் கழற்ற விடவில்லை. "பார்த்தனியோ?"

"பார்த்தனான்."

"பிடிச்சிருக்கோ?"

"பிடிச்சிருக்கு."

அம்மா நெருப்புப்பெட்டியை எடுத்துக்கொண்டு சாமிப் படத்துக்கு ஓடினார். "அம்மா, பொறுங்கோ" என்றேன். "மாப்பிளை இல்லை. பொம்பிளை."

குச்சி எரிந்து விரலைச் சுடும்வரை அம்மா என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். அண்ணை ஒரு காலில் சப்பாத்தோடு படியில் இருந்தார். நான் முழுவதையும் சொன்னேன். அந்தச் சொல்லையும் குரலைத் தாழ்த்தாமல் சொன்னேன். அம்மா மேலே போய்க் கதவைச் சாத்தினார். அடுத்த நாளும் கதைக்கவில்லை, அதற்கடுத்த நாளும் கதைக்கவில்லை. சோறு கறியெல்லாம் நேரத்துக்கு மேசைக்கு வந்தது, சொல் மட்டும் வரவில்லை. ரோல்ஸ் பெட்டி குளிர்ப்பெட்டியில் கிடந்தது. நாங்களும் அதைத் தொடவில்லை.

ஒரு பின்னேரம் நான் வேலையால் வந்தபோது அம்மா அடுப்படியில் நின்றுகொண்டிருந்தார். பெட்டி திறந்திருந்தது. கையில் பாதி ரோல்ஸ், சூடுகூடக் காட்டாமல் அப்படியே தின்றுகொண்டிருந்தார். வாசலில் அண்ணை தேத்தண்ணிக் கோப்பையோடு அசையாமல் நின்றார். அம்மா எங்கள் இருவரையும் பார்க்காமல், மென்று விழுங்கி, விரலை முகர்ந்து பார்த்தார்.

"உறைப்புக் காணாது" என்றார். "வந்தாப் பிறகு சொல்லிக் குடுப்பம்."